ஒண்ணும் ஆகாது என்றேன்

அக். 17, வெள்ளி

காலையிலேயே புழுக்கம். மழை போய்விட்டது என்கிறார்கள், எனக்கு நம்பிக்கை இல்லை. தீபாவளிக்கு மூன்று நாள். போன் ஓயவில்லை. வருஷம் முழுக்கச் சொட்டும் குழாய் இவர்கள் காதில் இந்த வாரம்தான் விழும்.

ஜும்மாவுக்கு முன் மூன்று வீடு:

– வடாலா டீச்சர் வீடு. ஃப்ளஷ் டேங்க் ஒழுகல். வாஷர் மாற்றினேன்.

– சயான், மூன்றாம் மாடி. சிங்க் அடைப்பு. உள்ளே ஒரு கிலோ வெங்காயத்தின் தோல். "எங்க வீட்டுது இல்லை" என்கிறார் அந்த அம்மாள். பிறகு யார் வீட்டு வெங்காயமோ.

– மாட்டுங்கா, கமலா மாமி வீடு. பதினாலு வருஷப் பழக்கம். பாத்ரூம் வெண்டிலேட்டரில் புறா கூடு கட்டி, இரண்டு முட்டை. வெந்நீர் போடும் காஸ் கீசர் மேலெல்லாம் எச்சம். பூனாவில் வேலை பார்க்கும் மகள் வித்யா நாளைக்கு வருகிறாளாம். "அவ பார்த்தா மூக்கைப் பொத்திண்டு ஓடிடுவா. ஒரு வலை அடிச்சுக் கொடு காதர்" என்றார். பக்கத்துக் கடையில் கம்பி வலை தீர்ந்துவிட்டது. தாராவி போய் எடுத்துவர நேரமில்லை. பையில் அக்ரிலிக் ஷீட் துண்டு ஒன்று கிடந்தது. அளந்து வெட்டி, நாலு பக்கமும் சிலிகான் வைத்து அடைத்துவிட்டேன். வெளிச்சம் வரும், புறா வராது. அரை மணி நேர வேலை. மாமி ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றார். "காஸ் கீசர் இருக்கே, இப்படி மொத்தமா மூடலாமோ? ஒண்ணும் ஆகாதே?" என்று கேட்டார். "ஒண்ணும் ஆகாது மாமி" என்றேன்.

மிக்சர் கொடுத்தார். உப்பு கம்மி. ஜும்மாவுக்குப் போய்ச் சேரும்போது பயான் முடிந்து தொழுகை தொடங்கிவிட்டது.

அக். 18, சனி

வெயில். முதுகுவலி. செம்பூரில் இரண்டு வேலை.

மத்தியானம் வித்யா போன். "காதர் அண்ணா, பாத்ரூம் பளபளன்னு இருக்கு. அது சரி, முட்டை எங்கே? அம்மா சொல்ல மாட்டேங்கறா." மாடியில் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் பத்திரமாக வைத்தேன் என்றேன். பொய். குப்பையில் போட்டேன். அவள் நம்பினாளோ இல்லையோ, சிரித்தாள்.

இவள் எட்டாவது படிக்கும்போது வாஷ்பேசினில் ஜிமிக்கியைத் தவறவிட்டு, அம்மாவிடம் சொல்லாதீங்க என்று கண்ணைக் கசக்கியவள். எடுத்துக் கழுவிக் கொடுத்தேன். சொல்லவில்லை.

அக். 20, திங்கள். தீபாவளி

விடியற்காலையிலிருந்து வெடிச்சத்தம். எதிர்வீட்டிலிருந்து முறுக்கு, அதிரசம். பிள்ளைகளுக்கு லீவு. எனக்கும்தான்.

காலை ஆறு மணிக்கு மாட்டுங்கா கட்டட வாட்ச்மேன் போன். மாமி வீட்டுப் பெண் பாத்ரூமில் விழுந்துவிட்டாள், கதவை உடைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள் என்றான். டைல்ஸ் வழுக்கியிருக்கும், எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளாயிற்றே என்று நினைத்தேன். எலும்பு ஏதும் முறிந்திருக்கக் கூடாதே என்று மனைவி மைமூனிடம் சொன்னேன்.

ஏழே காலுக்கு மறுபடியும் அவனே. போய்விட்டாளாம். கீசராம்.

போனை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்தேன். மைமூன் என்ன என்ன என்று கேட்டாள். ஷீட்டு என்றேன். அவளுக்குப் புரியவில்லை.

அக். 21, செவ்வாய்

போனேன். மாடி ஏற முடியவில்லை. கீழே பைக்குகள் நிற்கும் இடத்தில் நின்றேன். கட்டடச் செக்ரட்டரி வந்து எல்லாம் சொன்னார்.

நாலரைக்கு மாமி குளித்திருக்கிறார். அடுத்தது அவர் கணவர் சுந்தரம் சார். கீசரை யாரும் நிறுத்தவில்லை, அடுத்தவர் உடனே போவாரே என்று. கடைசியில் வித்யா. தூங்கிக்கொண்டிருந்தவளை எழுப்பி, மாமியே தலையில் எண்ணெய் வைத்து அனுப்பியிருக்கிறார். நீளமான முடி. எண்ணெய் போகச் சீயக்காய் தேய்த்து அலச நேரமாகும் என்று யாரும் கதவைத் தட்டவில்லை. தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்ததாம். முக்கால் மணி நேரம்.

இரண்டு பேர் குளித்து முடிப்பதற்குள்ளேயே அந்த அறையில் நல்ல காற்று தீர்ந்திருக்கும். காஸ் எரிந்தால் காற்றைத் தின்னும். வெளியே போக வழியில்லாவிட்டால் விஷமாக உள்ளேயே நிற்கும். வாசனை கிடையாது. இருமல்கூட வராது. தூக்கம் வருகிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான். கீசர் மாட்டப் பழகிய முதல் நாளே எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் இது. வெண்டிலேட்டரை ஒருநாளும் மூடாதே. நான் எத்தனையோ பேருக்கு இதைச் சொல்லியிருக்கிறேன்.

மற்ற நாளில் ஒரு பக்கெட், ஐந்து நிமிஷம். அதனால்தான் சனியும் ஞாயிறும் தப்பின. தீபாவளி என்று ஒன்று இருப்பதை வெள்ளிக்கிழமை மிக்சர் தின்றபோதுகூட நான் யோசிக்கவில்லை.

அக். 23, வியாழன்

மாலையில் திடீர் மழை. குடை இல்லை.

வாட்ச்மேன் சொன்ன செய்தி. போலீஸ்காரர் வந்து, ஜன்னலை அடைத்தது யார் என்று கேட்டாராம். ஷீட்டை அன்றைக்கே சுந்தரம் சார் துடைப்பக் கட்டையால் அடித்து உடைத்துவிட்டார். மாமி, "நாங்களே அடைச்சோம், புறா தொந்தரவுன்னு" என்றாராம். விபத்து என்று எழுதிக்கொண்டு போய்விட்டாராம்.

என் பெயரைச் சொல்லவில்லை.

இதைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். நெஞ்சிலிருந்து கல் இறங்கினமாதிரி இருந்தது. கிங்ஸ் சர்க்கிள் வரை நடந்து, டீ குடித்தேன். டீ நன்றாகக்கூட இருந்தது. பாதி குடித்ததும் அவள் முட்டை கேட்டுச் சிரித்தது ஞாபகம் வந்தது. மீதியைக் கொட்டிவிட்டேன்.

மைமூனிடம் முழுசாகச் சொன்னேன். "அல்லா மறைச்சு வச்சதை நீங்க ஏன் தோண்டுதீங்க? கேசு கீசுன்னு ஆச்சுன்னா இந்த ரெண்டு புள்ளையளையும் யாரு பாப்பா?" என்றாள். அவள் சொல்வதில் தப்பில்லை.

அக். 24, வெள்ளி

வேலைக்குப் போகவில்லை. பழைய டைரிகளை இறக்கிப் புரட்டினேன். ஐந்து வருஷத்தில் புறாவுக்காக நான் அடைத்த பாத்ரூம்கள்:

வடாலா டீச்சர் – கரண்ட் கீசர். பரவாயில்லை.
சயான் முதல் மாடி – காஸ்.
மாட்டுங்கா, ஸ்டேஷன் பக்கம், குஜராத்தி வீடு – காஸ்.
செம்பூர் டாக்டர் வீட்டு மேல்மாடி – காஸ்.
வாஷி – கரண்ட்டா காஸா எழுதவில்லை.
மாட்டுங்கா, கமலா மாமி.

எழுதும்போது எல்லாமே நல்ல வேலையாகத்தான் தெரிந்திருக்கிறது. ஒன்றின் பக்கத்தில் "சூப்பர் ஃபினிஷிங்" என்று வேறு எழுதியிருக்கிறேன்.

சமையல் மேடை ஜன்னலைச் சின்னவள் கொசுவுக்காகச் சாத்தினாள். கத்திவிட்டேன். அழுதாள். எங்கள் வீட்டில் கீசரே கிடையாது.

அக். 26, ஞாயிறு

நேற்றும் இன்றும் அதே வேலை. தோளில் ஒரு சுருள் கம்பி வலை. சயான் முடிந்தது. குஜராத்தி வீட்டில் அந்த அம்மாள் இடுப்பில் கைவைத்து, "கபூத்தர் ஃபிர் ஆயேகா!" என்றார். புறா வராது, வலை இருக்கிறது, காற்று மட்டும்தான் வரும் என்று என் ஹிந்தியில் விளக்கினேன். "அப்போ முதலிலேயே ஏன் வலை போடவில்லை?" என்று கேட்டார். ஸ்டூல் கேட்டு வாங்கி ஏறினேன்.

வாஷிக்கு ரயிலில் போனேன். காஸ்தான். குழந்தை இருக்கும் வீடு. ஷீட்டைப் பெயர்த்ததும் வெளிக்காற்று முகத்தில் அடித்தது. ஸ்டூல் மேலேயே கொஞ்ச நேரம் நின்றேன். அந்த வீட்டுப் பையன் தண்ணீர் வேண்டுமா அங்கிள் என்றான்.

செம்பூரில் வீடு பூட்டி. ஊருக்குப் போயிருக்கிறார்களாம். போனில் பிடித்து, வந்ததும் கீசரைப் போடாதீங்க, நான் வந்த பிறகு போடுங்க என்று மூன்று தடவை சொன்னேன். நாலாவது தடவை சொல்வதற்குள் வைத்துவிட்டார்கள்.

அக். 28, செவ்வாய்

மாமி கூப்பிட்டார். கீசரைக் கழற்ற வேண்டும். வேறு யாரையாவது அனுப்பலாமா என்று யோசித்தேன். நானே போனேன்.

மாமி வாசலில் நின்றார். பாதியாக இளைத்துவிட்டார். அழவில்லை. "காஸ் வால்வை முதல்லே மூடு" என்றார், ஏதோ நான் புதிதாக வந்தவன் மாதிரி. ஸ்பேனர் இரண்டு தடவை விழுந்தது. ஜன்னல் ஓரத்தில் என் சிலிகான் கோடு இன்னும் இருக்கிறது. நேர்க்கோடு.

சுந்தரம் சார் ஹாலில். மாமி காபி கொண்டுவந்து வைத்தார். அவர் மாமியின் முகத்தைப் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டு அம்மாளிடம், "அவகிட்டே சொல்லுங்கோ, காபி வேண்டாம்னு" என்றார். மாமி இரண்டடி தூரத்தில்தான் நிற்கிறார். டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அடுக்களையில் மாமியிடம், சார் ஏன் இப்படி என்று மெதுவாகக் கேட்டேன். "அன்னியிலேர்ந்து எங்கிட்டே பேசறதில்லே காதர். நான்தானே புறா புறான்னு மூடச் சொன்னேன். நான்தானே எழுப்பி எண்ணெய் வெச்சு அனுப்பினேன். குழந்தை இன்னும் பத்து நிமிஷம் அம்மான்னா."

"மாமி, நீங்க வலைதானே கேட்டீங்க. ஒண்ணும் ஆகாதேன்னு கேட்டீங்க. நான்தானே…"

வாயில் விரல் வைத்து ஹால் பக்கம் பார்த்தார். "போனவ போயிட்டா. உனக்கும் ரெண்டு பொண்ணு இருக்கு. வாயைத் திறக்காதே."

கீசரைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். அவ்வளவு பாரம் கிடையாது அது. மூன்று இடத்தில் இறக்கி வைத்து நின்றேன்.

நவ. 1, சனி

பதின்மூன்றாம் நாள். கட்டடத்துக்கு வெளியே சாமியானா, வாடகை நாற்காலிகள். போகவில்லை. தூரத்திலிருந்து பார்த்தேன். சார் ஒரு மூலையில், மாமி ஒரு மூலையில். நடுவில் சொந்தக்காரர்கள் சாப்பிடுகிறார்கள்.

நவ. 3, திங்கள்

மேகமூட்டம். செம்பூர் வீட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள். வலை போட்டாயிற்று. பட்டியலில் எல்லா வீட்டுக்கும் டிக். ஒரு வீட்டைத் தவிர.

மைமூனிடம் நாளைக்குப் போய்ச் சொல்லப்போகிறேன் என்றேன். சண்டை. "அவங்களே வேண்டாம்னு சொல்லியாச்சு. பொறவு உங்களுக்கு என்ன?" என்றாள். அந்த அம்மா மகளையும் இழந்து, புருஷன் இருந்தும் இல்லாமல் எனக்காக உட்கார்ந்திருக்கிறார் என்றேன். "நாங்க உட்கார வேண்டாமாக்கும்?" என்றாள். அழுதாள். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஜெயில் என்றால் என்ன என்று இந்த வயசில் தெரிந்துகொள்ள ஆசையில்லை.

கொஞ்சம் கழித்து, நாளைக்கு என்ன சட்டை என்று கேட்டு எடுத்து வைத்தாள்.

நவ. 4, செவ்வாய்

காலை பத்து மணி. பை எடுத்துப் போகவில்லை. வெறுங்கையோடு அந்த வீட்டுக்குப் போனது இதுதான் முதல் தடவை.

சார் ஹாலில். பேப்பர் மடித்தபடி மடியில். உட்காரச் சொல்லவில்லை, நானும் உட்காரவில்லை. என் குரல் கேட்டு மாமி அடுக்களை வாசலுக்கு வந்து, வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டினார். அவரைப் பார்த்தால் சொல்ல முடியாது என்று சார் காலைப் பார்த்துச் சொன்னேன்.

"சார், ஜன்னலை அடைச்சது நான். மாமி வலைதான் கேட்டாங்க. வலை வாங்கப் போகச் சோம்பல்பட்டு ஷீட்டு போட்டுட்டேன். மொத்தமா மூடலாமா, ஒண்ணும் ஆகாதேன்னு மாமி கேட்டாங்க. ஒண்ணும் ஆகாதுன்னு நான் சொன்னேன். மூடக்கூடாதுன்னு எனக்குத் தெரியும் சார். தெரிஞ்சுதான் சொன்னேன். நீங்க என்ன வேணும்னாலும் செய்யுங்க."

அவர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. மாமி பக்கம் திரும்பினார்.

"நீ கேட்டியா இவனை?"

மாமி தலையாட்டினார்.

"ஏன் எங்கிட்டே சொல்லலே?"

"அவனும் பொண்களைப் பெத்தவன்."

அவர் மடியில் இருந்த பேப்பரை இன்னொரு மடிப்பு மடித்தார். வெளியே யாரோ பழைய பேப்பர் கேட்டுக் கத்திக்கொண்டு போனார்கள். பிறகு என்னைப் பார்க்காமலே, "இனிமே இந்த வாசப்படி ஏறாதே" என்றார்.

சரி சார் என்றேன்.

வெளியே வந்து செருப்பில் கால் நுழையவில்லை. இடது எது வலது எது என்று தெரியவில்லை. உள்ளே அவர் குரல். "கமலா. இங்கே வந்து உட்காரு."

படி இறங்கும்போது மாமி அழுவது கேட்டது. இத்தனை நாளில் அவர் அழுது நான் கேட்டது இன்றுதான்.