அல்லித் தொட்டிப் பூச்சிகள்

ஜூலை 6, ஞாயிறு

காலையிலேயே புழுக்கம். சேக்காட்டில் கரண்ட் இல்லை. பால்கனித் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றினேன். அல்லி இலைகளில் புது ஓட்டைகள். வெட்டிய இலைத்துண்டுகள் மிதக்கின்றன, இரண்டிரண்டாக ஒட்டி. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு புழு. அந்துப்பூச்சியின் புழு தண்ணீரில் வாழும் என்பதே சுகந்தியைக் கட்டிக்கொண்ட பிறகுதான் தெரியும்.

பாரிவாக்கம் ஏரியிலிருந்து அவள் கொண்டுவந்தவை. போன மாதக் கடைசியில் கோவைக்கே போய்விட்டாள். விவாகரத்துக்கு இருவரும் கையெழுத்துப் போட்டாயிற்று. வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னது: "பூச்சி வெளிய வந்தா போட்டோ மட்டும் அனுப்பு."

தினமும் அவளிடமிருந்து ஒரே செய்தி, "வந்துச்சா?" அதற்காகத்தான் எழுந்திருக்கிறேன்.

ஜூலை 8, செவ்வாய்

கத்தரிக்காயில் புழு. ரவை டப்பாவில் குட்டி அந்துப்பூச்சி. சுகந்தி இருந்திருந்தால், "எல்லாம் தொட்டில இருக்கறதுக்குச் சொந்தக்காரங்கதான். மூஞ்சியப் பாரு, மூக்கு நீட்டிக்கிட்டு இருக்கும்" என்றிருப்பாள். நெற்குருத்தைத் துளைப்பது, தேன்கூட்டை அரிப்பது, இன்னும் கணக்கில்லாத வகைகள். எங்கள் இரண்டு குடும்பத்துச் சனத்தைவிட அதிகம். ரவையைக் கொட்ட மனம் வரவில்லை. மூடி வைத்தேன். பைத்தியம்தான்.

ஜூலை 9, புதன்

கொசு மருந்து ஊற்றும் அக்கா வந்தார்.

"இன்னா சார், தண்ணி புட்ச்சு வச்சிகீற? புழு கீது பாரு."

"கொசு இல்லக்கா. இது வேற பூச்சி. வளக்கறோம்."

"புழுவயா? ஊட்டுக்காரம்மா ஒண்ணும் சொல்லலியா?"

"அவங்கதான் வளக்கறாங்க."

சிரித்துக்கொண்டே, மருந்து ஊற்றாமல் போனார். பொய்தான். சொல்லும்போது நன்றாக இருந்தது.

ஜூலை 11, வெள்ளி

தூறல். அம்பத்தூர் ஆபீஸுக்கு லீவு சொன்னேன்.

ஒரு இலை உறை காலி. அல்லித் தண்டில் பூச்சி. நகத்தளவு, வெள்ளை இறக்கை, பழுப்புக் கோடுகள். "சுகந்தி, இங்க வா" என்று கூப்பிட்டேவிட்டேன். பிறகு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

போட்டோ எடுத்தாயிற்று. அனுப்பினால் அவளுக்கு என்னிடம் கேட்க ஒன்றுமிருக்காது. அதற்குள் அவளே: "வந்துச்சா?"

"இன்னும் இல்ல."

உடனே பதில். "சரி, விடு. இனிமே கேக்க மாட்டேன். எனக்கும் கஷ்டமா இருக்கு. நீயும் பாத்துக்கிட்டே உக்காந்திருக்காத."

ஜூலை 12, சனி

இன்னும் இரண்டு வந்துவிட்டன. ஒன்று எதிர் வீட்டுப் பக்கம் பறந்தது. யாரிடமாவது கத்திச் சொல்ல வேண்டும் போலிருந்தது. யாரிடம்?