பில் போட முடியாத செவ்வாய்கள்

14 ஜனவரி 2025, செவ்வாய்

ஹவுகன்ஸ்டுவா மாடிக் குடியிருப்பு. மங்களேஸ்வரி அக்காவின் காலில் புண் இன்னும் கொஞ்சம் சிறுத்திருக்கிறது. சீனி வருத்தக்காரருக்கு இது பெரிய காரியம். வழமைபோல அவருடைய தம்பி குகநேசன்தான் கதவைத் திறந்தார். நான் சப்பாத்தைக் கழற்ற முதலே என் பையை வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தார். கட்டுப் போட்டு முடிய இஞ்சித் தேத்தண்ணி. கெதியாக முடியும் வேலையை நான் இழுத்துக்கொண்டே இருக்கிறேன். இந்தத் திறமை தாதிப் படிப்பில் வந்ததல்ல.

கணவர் பேனாட் இறந்து ஆறு வருடம். ஒரு மனிதர் தேத்தண்ணி ஊற்றித் தருவார் என்று கிழமை முழுக்கக் காத்திருக்கிற நிலைக்கு வந்துவிட்டேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

21 ஜனவரி

பனி வழுக்கும் என்று பஸ் தரிப்பு வரை குகநேசன் கூடவே வந்தார். பஸ் பிந்தி வந்தது. நல்ல பஸ்.

23 ஜனவரி, வியாழன்

கிளினிக்கில் கூட்டம். கணக்குப் பார்ப்பவர் விளங்கப்படுத்தினார். நோயாளி இங்கே வந்தால் பில் போடலாம். டொக்டர் வீட்டுக்குப் போனாலும் போடலாம். தாதி தனியாகப் போனால் அரச காப்புறுதியிடம் ஒன்றும் கேட்க முடியாது. ஆகவே என் வீட்டுப் பயணங்கள் இந்த மாதத்தோடு நிற்கின்றன. இனி நகரசபையின் வீட்டுத் தாதிகள் போவார்கள். டொக்டர் என் முகத்தைப் பார்க்கவில்லை, அவருக்கும் கவலைதான்.

மேற்படிப்புப் படித்தவள் நான். புண்ணைப் பார்த்தே இது ஆறுமா ஆறாதா என்று சொல்வேன். ஆனால் நான் போனால் விதிப்படி அது வருகையே இல்லையாம். அப்ப இத்தனை செவ்வாயும் நான் எங்கை போனனான்?

உண்மையைச் சொன்னால், என் கவலை அக்காவின் காலைப் பற்றியது இல்லை. வேலை இல்லாமல் அந்த வீட்டுக்கு என்ன சொல்லிக்கொண்டு போவது? நான் விதவை, அவர் கலியாணம் கட்டாதவர். அங்கே பல்கனிக்குப் பல்கனி எங்கடை சனம். அந்தப் பைதான் எனக்குச் சாட்டாக இருந்தது.

28 ஜனவரி, செவ்வாய்

கடைசித் தடவை. விதியைச் சொன்னேன். அக்கா காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். குகநேசன் அறைக்குள் போய் ஒரு என்வலப்போடு வந்தார். கலியாணவீட்டுக்குக் கொடுக்கிற மாதிரி, தாள்களோடு ஒரு குரோண் நாணயமும் வைத்து ஒட்டியிருந்தார்.

“காப்புறுதி தராட்டி நான் தாறன். நீங்கள் வாறதை நிப்பாட்டாதேங்கோ.”

சப்பாத்துத் தட்டில் அதை வைத்துவிட்டு வந்துவிட்டேன். நல்ல மனம்தான், தெரியும். ஆனால் நெஞ்சு எரியுது. அவர் சொன்ன இரண்டாவது வசனம் மட்டும் எனக்குப் போதும். ஏன் அதை என்வலப்புக்குள் வைத்துத் தர வேணும்?

4 பெப்ரவரி, செவ்வாய்

கிளினிக்கிலேயே இருந்தேன். இஞ்சி வாங்கி வந்து நானே போட்டுக் குடித்துப் பார்த்தேன். சரிவரவில்லை.

12 பெப்ரவரி

நகரசபைத் தாதி ஒருத்தி கட்டுப் போடுகிற விதம் கேட்டுப் போன் எடுத்தாள். புண் காய்கிறதாம். சந்தோஷம். நாளுக்கு ஒரு ஆளாக மாறி மாறிப் போகிறார்களாம். அவர்களுக்கும் தேத்தண்ணி கிடைக்கிறதா என்று கேட்க வாய் உன்னியது. கேட்கவில்லை.

20 பெப்ரவரி, வியாழன்

குகநேசன் போன் எடுத்தார். என்வலப் தந்தது பிழை என்றார், தனக்கு வேறு மாதிரிக் கதைக்கத் தெரியவில்லையாம். அக்கா சுகம் என்றார். வேறு ஏதும் சொல்வார் என்று காத்திருந்தேன். அவரும் அதற்குத்தான் காத்திருந்தார் போல. கடைசியில் “ஓம், சரி” என்று வைத்துவிட்டேன். நல்ல சோடி.

2 மார்ச், ஞாயிறு

தேவாலயத்தில் பூசை முடிந்ததும் நேரே ஹவுகன்ஸ்டுவாவுக்குப் போனேன். பை இல்லை. கைகளை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை. குகநேசன் கதவைத் திறந்தார், என் வெறுங்கையைப் பார்த்தார், “வாங்கோ” என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார். கேத்திலில் தண்ணீர் பிடிக்கிற சத்தம் கேட்டது.

அக்கா பழக்கத்தில் காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்தார்.

“கால் பாக்க வரேல்லை அக்கா. நான் இப்ப உங்கடை தாதி இல்லை.”

“அப்ப ஆரைப் பாக்க வந்தனீங்கள்?”

குசினியில் குழாய்ச் சத்தம் நின்றது.

“உங்கடை தம்பியை” என்றேன், குசினிக்கும் கேட்கிற மாதிரி.