குழம்பின் மேல் விழுந்த பழி

12 ஜூலை 1988
இவருக்கு மறுபடி வயிற்று வலி. பாங்கிலிருந்து பாதியில் டாக்சி பிடித்து வந்துவிட்டார். சேதி கேட்டு பவானிபூரிலிருந்து நாத்தனார் வந்தார். வந்ததும் அடுக்களையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "புளியும் மிளகாயுமாப் போட்டு என் தம்பி வயித்தை ஓட்டை பண்ணிட்டே, விஜயா" என்றார். இந்த வீட்டில் மிளகாய் வாங்கி எத்தனை மாசமாயிற்று என்று அவருக்குத் தெரியாதா?

20 ஜூலை
சர்ஜன் சொல்லிவிட்டார். அல்சர் முற்றிவிட்டது, வயிற்றில் பாதியை எடுக்கவேண்டும். அக்டோபரில் இந்த ஊர்ப் பூஜை விடுமுறை முடிந்ததும் ஆபரேஷன். பயமாக இருக்கிறது.

2 ஆகஸ்ட்
பாலிகஞ்சில் லாஹிரி என்று ஒரு சின்ன வயசு டாக்டர். வாய் வழியாகக் குழாய் விட்டு, துளி சதை எடுத்துச் சோதித்தார். புண்ணுக்குக் காரணம் கிருமியாம். என் குழம்பு இல்லையாம். இரண்டு வாரம் மாத்திரை சாப்பிட்டால் ஆபரேஷனே வேண்டாமல் போகலாம் என்கிறார். சர்ஜன் சிரித்தாராம், வயிற்று ஆசிட்டில் எந்தக் கிருமி பிழைக்கும் என்று. இவரும் சேர்ந்து சிரிக்கிறார். வெட்டிக்கொள்ளத் தயார், விழுங்கத் தயாரில்லை — என்ன மனுஷர்.

கெஞ்சிச் சம்மதிக்க வைத்தேன்.

22 ஆகஸ்ட்
மாத்திரை முடிந்தும் வலி அப்படியே. டாக்டரிடம் போனோம். எதோடு விழுங்கினார் என்று கேட்டார். "பாலோடதான்" என்றார் நாத்தனார், பெருமையாக. இங்கிலீஷ் மருந்து சூடு என்று வேளா வேளைக்கு டம்ளரை நீட்டியவர் அவர்தான். "டாக்டர் பால்னு சொல்லலையே" என்று நான் அப்போதே சொன்னதற்கு, "நோக்கு என்ன தெரியும்" என்று வாயை அடைத்தார். பால் அந்த மருந்தைப் பிடித்துவைத்துக்கொண்டு உடம்பில் சேரவிடாதாம். டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். நான் எங்கே வைத்துக்கொள்வது?

மறுபடி முதலிலிருந்து. இந்தத் தடவை மாத்திரை என் கையில்.

3 செப்டம்பர்
மாத்திரையால் வாயெல்லாம் துருக் கசப்பு என்று என் மேல் எரிந்து விழுகிறார். விழட்டும்.

14 அக்டோபர்
புண் ஆறிவிட்டது. ஆபரேஷன் இல்லை. டாக்டர் சொன்னதும் அங்கேயே அழுதுவிட்டேன். "என் பாலும் பத்தியமும்தான் காப்பாத்தித்து" என்கிறார் நாத்தனார். அவரோடு என்ன பேசுவது?

கிளம்பும்போது டாக்டர், வீட்டில் வேறு யாருக்காவது வயிற்றெரிச்சல் உண்டா என்று கேட்டார். இவர் முந்திக்கொண்டு, "இல்லை" என்றார்.

"எனக்கு இருக்கு" என்றேன். "ரொம்ப வருஷமா."

டாக்சியில் இவர், "ஏன் எங்கிட்ட சொல்லலை?" என்றார்.

"நீங்க கேக்கலை."



7 நவம்பர்
நாளைக்கு எனக்குக் குழாய் விடுகிறார்கள். இவர் லீவு போட்டிருக்கிறார். நான் கேட்கவில்லை.