சூடு என்னும் சொல்

புரட்டாசி 11, சனி

காலைப் பூசை முடிந்தபின் மார்கழிச் சொற்பொழிவுக்கான பாடல்களைத் தெரிந்தெடுக்க அமர்ந்தேன். இறைவனின் செந்நிறத்தைப் போற்றும் பாடல்களை முதல் வாரத்துக்குக் கொள்ளலாம் என்று எண்ணம். செவ்வானம், செம்பவளம், செந்தழல் - ஒரே நிறத்தைப் புலவர்கள் எத்தனை வாசல் வழியாக அழைத்து வந்திருக்கிறார்கள்!

பிற்பகல் ஒரு திருமண வரவேற்பு. பந்தியில் எதிர்வரிசையில் இருந்த ஒருவன், "என்னுங்க, பெரியவரு மத்தியானமே செவந்து போயிருக்கறாரு?" என்றான். அருகிலிருந்தவர்கள் இலையைப் பார்த்துச் சிரித்தார்கள். வெயிலைச் சொல்கிறான் என்று எண்ணி நானும் சிரித்தேன். வீடு வந்து சேர்ந்தபின்தான் பொருள் விளங்கியது: அவன் சொன்னது வெயிலை அன்று, மதுவை.

மூக்கும் கன்னங்களும் சிவந்திருப்பது உண்மை. மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய களிம்பை ஆடி மாதத்திலிருந்து தடவி வருகிறேன். தடவினால் மறுநாளே தெளிகிறது. நிறுத்தினால் முன்னிலும் சிவக்கிறது. "இறைவனே செம்மேனியன் அல்லவா?" என்று ரங்காத்தாளிடம் சொல்லிப் பார்த்தேன். என் மனைவியிடம் செய்யுள் எடுபடுவதில்லை.

"சாமி செவந்திருந்தா கும்புடுவாங்க. மனுசன் செவந்திருந்தா மோந்து பாப்பாங்க" என்றாள்.

புரட்டாசி 15, புதன்

அவள் வாக்கு பலித்தது. வெள்ளையன் வந்தான். ரங்காத்தாளுக்குத் தம்பி முறை. கோயில் கமிட்டித் தலைவன். வாசலில் நின்றே உரக்கப் பேசும் வழக்கமுடையவன், இன்று என்னருகே வந்து, காதில் ஏதோ சொல்வதுபோல் குனிந்து, மூச்சை உள்ளிழுத்தான். நான் அதைக் கண்டேன். நான் கண்டதை அவனும் கண்டான்.

"தப்பா நெனச்சுக்காதீங்க மாமா. ஊருல ஆளாளுக்கு ஒண்ணு பேசறாங்க. இந்த மார்கழிக்கு மட்டும் பேச வேற ஆளை வெச்சுக்கலாமான்னு கமிட்டில..."

அடுக்களையிலிருந்து ரங்காத்தாள் குரல் கொடுத்தாள்: "வெள்ளையா, மோந்தாச்சா? அப்படீன்னா காப்பியக் குடிச்சுட்டுப் போ."

மதுவின் கேட்டை அந்தக் கோயில் மேடையிலேயே நான் எத்தனை முறை எடுத்துரைத்திருப்பேன்! விடியற்காலையில் அந்த மேடையில் அமர்ந்து நான்கு பாடல்களுக்குப் பொருள் சொல்வதைத் தவிர, இந்த முதுமையில் இறைவனிடம் நான் வேண்டிப் பெற்ற பேறு வேறில்லை. அதையும் இந்த மூக்கு பறித்துக்கொள்ளுமா?

புரட்டாசி 17, வெள்ளி

தோல் மருத்துவர் சித்ராதேவி. விருதுநகர்ப் பக்கத்துப் பெண்; பேச்சில் அந்த ஊர்க் கறார். "குடிப்பழக்கம் உண்டாய்யா?" என்று முதலிலேயே கேட்டார். எல்லாரிடமும் கேட்பதாம். நான் விடை சொல்லுமுன் ரங்காத்தாள், "குடிச்சிருந்தா அந்தச் சந்தோசமாச்சும் மிஞ்சியிருக்குமுங்க" என்றாள். மருத்துவர் எழுதுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

நோயின் பெயர் ரோசேசியா. முகத்தின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் எளிதில் விரிந்து சிவப்பதாம். குடிப்பழக்கத்துக்கும் இதற்கும் முடிச்சுப் போடுவது ஊரார் வழக்கம். குடியாத எத்தனையோ பேருக்கு வருகிறது என்றார். நான் தடவிய களிம்பு ஸ்டீராய்டு கலந்தது. தற்காலிகமாக வெளுப்பாக்கிப் பின் நோயை வளர்ப்பது. "நிறுத்தினா மொதல்ல மோசமாத்தான் ஆகும். பயந்துபோய்த் திரும்பத் தொட்டுறாதீங்க."

காலையில் மெட்ரோநிடசோல் ஜெல். இரவில் ஐவர்மெக்டின் கிரீம். டாக்சிசைக்ளின் மாத்திரை, உணவுக்குப் பின், நிறையத் தண்ணீருடன், விழுங்கியவுடன் படுக்கலாகாது. வெளியே செல்லும்போது வெயில் தடுக்கும் கிரீம். பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும். எழுந்து வரும்போது, "உங்களுக்குச் சூடுதான்யா எதிரி. சூட்டைக் குறைங்க" என்றார்.

இது நமக்குத் தெரிந்த வித்தைதான்.

புரட்டாசி 18, சனி

ஐவர்மெக்டின் கிரீம், தோலில் குடியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகளைக் கொல்வதாம். எல்லார் முகத்திலும் அவை உண்டு. என் முகத்தில் கூட்டம் மிகுதி என்றார் மருத்துவர். அறியாமலே ஓர் ஊரைச் சுமந்து வந்திருக்கிறேன். எவ்வுயிர்க்கும் தீங்கு எண்ணாதே என்று ஊருக்கு உரைப்பவன் என் ஊரையே அழிக்கலாமா? வேண்டிக்கொண்டு தடவினேன். எரிச்சல் சிறிது உண்டு. உரிய தண்டனையே.

ஐப்பசி 3, திங்கள், தீபாவளி

சூட்டைத் தணிக்க வாரம் இருமுறை, புதனும் சனியும், எண்ணெய் தேய்த்துக் குளித்து வருகிறேன். இன்று தீபாவளி ஆதலால் கூடுதலாக ஒன்று. நல்லெண்ணெயைக் காய்ச்சி உச்சி முதல் தாடை வரை சூடு பறக்கத் தேய்த்தாள் ரங்காத்தாள். கொதிக்கக் கொதிக்க வெந்நீர். ஊறவைத்த வெந்தயமும் சீரக வெந்நீரும் நாள்தோறும் உண்டு. கோழிக்கொண்டையைப் போன்ற இந்த மூக்கை முன்னிட்டுப் பூண்டையும் விலக்கிவிட்டேன். இதற்குமேல் ஒரு மனிதன் சூட்டைக் குறைக்க இயலுமா?

மகன் தரணீதரன் குடும்பத்துடன் வந்து காலில் விழுந்தான். எழுந்தவன் என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சற்றே நின்றான்.

ஐப்பசி 8, சனி

எரியுது. நெருப்பள்ளிப் பூசுன மாதிரி எரியுது. பொட்டுப் பொட்டா கெளம்பியிருக்கு. என்னத்துக்கு இந்த மருந்து, என்னத்துக்கு இந்தப் பத்தியம்? ஆண்டவனே, நான் என்ன கேட்டேன் உங்கிட்ட - மேடை கேட்டேனா, மாலை கேட்டேனா - ஒரு மாசம் விடியால ஒம் பேரைச் சொல்ல இடம் கேட்டேன்.

பழைய களிம்பு இன்னும் அலமாரியில் இருக்கிறது.

ஐப்பசி 11, செவ்வாய்

சினம் தணிந்து எழுதுகிறேன். சிரிப்பும் வருகிறது.

மருத்துவர் முகத்தைப் பார்த்ததும் திகைத்தார். மருந்து தவறவில்லை, களிம்பைத் தொடவில்லை, சூட்டைக் குறைக்கச் சொன்னீர்கள், குறைத்து வருகிறேன் என்றேன். "எப்படிக் குறைக்கீங்க?" விவரித்தேன். எண்ணெய்க் குளியல், வெந்நீர், சீரக நீர்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அய்யா, நான் சொன்னது உடம்புச் சூட்டை இல்லய்யா. கொதிக்கிற சூட்டைச் சொன்னேன். வெந்நி, வெயிலு, அடுப்புப் பக்கம், ஆவி பறக்கக் காப்பி! நீங்க நோயை எதிர்கொண்டு போய்க் கூட்டிட்டு வந்திருக்கீங்க."

ரங்காத்தாளுக்கு அடக்க முடியவில்லை. "ஒரு பாட்டுக்கு ஒம்போது அர்த்தம் சொல்றவருங்க. நீங்க சொன்ன ஒத்த வார்த்தைக்குப் பத்தாவதா ஒண்ணக் கண்டுபுடிச்சுட்டாரு" என்றாள்.

பகலில் எங்கே இருப்பீர்கள் என்று கேட்டார். முதலிபாளையத்தில் மகனின் பனியன் கம்பெனியில், அயர்னிங் மேசைகளின் ஓரம் நாற்காலி போட்டு அமர்ந்து பாடல்களைப் படிப்பேன் என்றேன். தையல் இரைச்சல் அங்கே குறைவு. ஆனால் நீராவி நாள் முழுதும் முகத்தில் அடிக்கும். அதை நான் ஒரு பொருட்டாக நினைத்ததே இல்லை.

மருத்துவர் இரு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

ஐப்பசி 12, புதன்

எண்ணெய்க் குளியல் இல்லை. குளிர்ந்த நீர். நாற்காலி பேக்கிங் பக்கம் இடம் மாறியது. காப்பியை ஆற வைத்துக் குடித்தேன். ஆறிய காப்பிக்குப் பெயர் காப்பியன்று.

கார்த்திகை 6, சனி

பொட்டுகள் அடங்கின. எரிச்சல் இல்லை. சிவப்பு இருக்கிறது, ஆனால் அது சிறிது நாணத்தோடு இருக்கிறது.

கார்த்திகை 17, புதன், தீபம்

கோயிலில் தீபாராதனைத் தட்டு வந்தபோது ஒளியைக் கண்ணால் மட்டும் ஒற்றிக்கொண்டேன். கையைச் சுடரில் காட்டி முகத்தில் ஒற்றவில்லை. பின்னால் யாரோ முணுமுணுத்தது கேட்டது.

வெள்ளையன் வந்து சொன்னான்: "மொத நாள் பேசுங்க மாமா. பொறவு பாத்துக்கலாமுங்க."

பார்த்துக்கொள்வது என்றால் எதை? பேச்சையா, முகத்தையா?

கார்த்திகை 29, திங்கள்

நாளை மார்கழி பிறக்கிறது. மாலையில் ரங்காத்தாள் என் எதிரே வந்து நின்றாள். கையில் பழைய களிம்பு.

"ஒரு நாளைக்குத்தானுங்க. தடவிக்குங்க. காலைல வெளுத்துரும்."

நான் வியந்து பார்த்தேன். கண் கலங்கியிருந்தது அவளுக்கு. கோயிலில் பெண்கள் அவளிடம், 'ஊட்டுக்காரரு ராத்திரிலதானுங்களா, பகல்லயுமா?' என்று கேட்டார்களாம். இத்தனை நாளும் எனக்கு அதைச் சொல்லாமல் கேலியால் மூடி வைத்திருந்திருக்கிறாள். வெள்ளையனிடம் 'மோந்தாச்சா?' என்று கேட்டவள், உள்ளே சென்று அழுதிருப்பாள் போலும்.

"அன்றும் ஒரு நாளைக்கு என்றுதானே தொடங்கினேன்?" என்றேன்.

கொல்லைப்புறம் சென்று குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

மார்கழி 1, செவ்வாய்

பனி. மேடை விளக்குகள் முகத்தின்மேலேயே இருந்தன. முன்வரிசை என் மூக்கைப் பார்த்தது.

செம்மேனிப் பாடலைப் பின்னுக்குத் தள்ளினேன். "இன்று ஒரு சொல்லுக்குப் பொருள் காண்போம்" என்று தொடங்கினேன். "அந்தச் சொல் சூடு." மருத்துவர் சொன்னதையும் நான் கொண்ட பொருளையும், காய்ச்சிய எண்ணெயையும், நீராவி நாற்காலியையும், என் முகத்தில் குடியிருந்த ஊரையும் ஒளிக்காமல் சொன்னேன். நோயின் பெயரையும் சொன்னேன். முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு பெண்கள் பக்கம் முழுதும் சிரித்தது. ரங்காத்தாள் தூணோரம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

அதன்பின் பாடலுக்குச் சென்றேன். அவர்களும் உடன் வந்தார்கள்.

முடிந்தபின் ஒரு பெண் தயங்கி வந்து முக்காட்டை விலக்கினாள். கன்னங்கள் சிவந்திருந்தன. "எனக்கும் அதே களிம்புதானுங்க. அந்த டாக்டரம்மா எங்கீங்க இருக்கறாங்க?" என்றாள்.

மார்கழி 9, புதன்

மாத்திரை முடிந்தது, ஜெல்லும் கிரீமும் தொடர்கின்றன. சிவப்பு முற்றிலும் போகாது, கட்டுக்குள் இருக்கும் என்றார் மருத்துவர். இருக்கட்டும்.

இன்று சொற்பொழிவு முடிந்ததும் அனைவருக்கும் ஆவி பறக்கச் சுக்குக் காப்பி கொடுத்தார்கள். என்னை விட்டுவிட்டார்கள் என்று எண்ணினேன். படிக்கட்டின் ஓரம் வெள்ளையன் நின்று, இரண்டு பித்தளை டம்ளர்களில் பாலை மேலும் கீழும் ஆற்றிக்கொண்டிருந்தான். ஆற்றி, டம்ளரின் புறத்தைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தான். மறுபடி ஆற்றினான்.

பிறகு என்னருகே வந்து, அன்று குனிந்ததுபோலவே குனிந்தான்.

"சூடு சுத்தமா இல்லீங்க மாமா. குடிங்க."