நாற்பத்தெட்டு நாள் பத்தியம்

மச்சான்,

நேற்று ஜெராக்ஸ் கடைக்கு ஒருவன் வந்து, ஒரு நோட்டீஸை நீட்டி இருநூறு காப்பி கேட்டான். பண்ருட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு வைத்தியர், நாற்பத்தெட்டு நாள் பத்தியம், மனநோய்க்குப் பரிபூரண குணம் என்று போட்டிருந்தது. உன்னைக் கூட்டிக்கொண்டு போனார்களே, அதே ஆள். தாளை அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்து, "மெஷின் ரிப்பேருங்க" என்றேன். என் முதுகுக்குப் பின்னால் மெஷின் யாருடைய ரேஷன் கார்டையோ துப்பிக்கொண்டிருந்தது. அவன் என்னையும் அதையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனான்.

நீ போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. எனக்குக் கோபம் ஆறவில்லை. ஆற விடுவதாகவும் இல்லை.

கடலூர் ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்கும் வரிசையில்தான் நாம் சிநேகமானோம். இரண்டு பேருக்கும் ஒரே மனச்சிதைவு நோய். என் காதில் பேசியவர்கள் என்னைத் திட்டினார்கள், உன் காதில் பேசியவர்கள் உனக்கு உத்தரவு போட்டார்கள். "ஒன் ஆளுங்க தேவல மச்சான், திட்டறதோட போயிடுறாங்க" என்றாய். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தோம். அதற்குப் பிறகு மாதா மாதம் சிதம்பரத்தில் ஒன்றாகவே பஸ் ஏறினோம்.

மறந்துவிடக் கூடாது என்று நாமே ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு போன். மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடிக்கிற சத்தம் அடுத்தவன் காதில் விழ வேண்டும். மடக்கென்று கேட்டால் சரி, அவ்வளவுதான். டாக்டரம்மாவிடம் சொன்னபோது, "உங்களுக்கு நான் எதுக்குப்பா?" என்றார்.

மாத்திரையால் உனக்குக் கை நடுங்கும். தையல்காரனுக்குக் கை நடுங்கினால் எப்படி? "ஊசியில நூல் கோக்கறதுக்குள்ள தீபாவளியே வந்துடும்டா" என்பாய். ஆனாலும் விடாமல் போட்டாய். ஐந்து வருஷம் உன் ஆட்கள் வாயைத் திறக்கவில்லை.

பிறகு உன் அண்ணன் உனக்குப் பெண் பார்க்க ஆரம்பித்தார். பெண் வீட்டார் வரும்போது மாத்திரை அட்டை கண்ணில் படக்கூடாதாம். எனக்கு இதெல்லாம் அப்போது தெரியாது. தினமும் ஏழு மணிக்கு போன் வந்தது, மடக்கென்று சத்தமும் கேட்டது.

ஒரு நாள் உன் வீட்டுக்கு வந்தேன். ஒரே தடவையில் ஊசியில் நூலைக் கோத்துக் காட்டினாய். நான் கை தட்டினேன் மச்சான்! நோய் விலகுகிறது என்று நினைத்துவிட்டேன். அதே மாத்திரையைத் தின்கிறவன் நான். நடுக்கம் நின்றால் மாத்திரை நின்றிருக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டாமா? அந்தக் கைதட்டலுக்காக என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்.

பத்து நாள் கழித்து, காலையில் நீ பாட்டுக்கு எழுந்து மெயின் ரோட்டுக்கு நடந்தாய். நடுரோட்டில் நின்று, வருகிற வண்டிகளை நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்ததாகக் கத்தினாயாம். லாரிக்காரனுக்கு அந்த உத்தரவு எப்படித் தெரியும்?

சாவு வீட்டில் உன் தையல் மெஷின் டிராயரைத் திறந்தேன். ஒரு மாத்திரைகூடப் பிரிக்காத அட்டைகள், பக்கத்தில் வேர்ப்பொடிப் பொட்டலம், அந்த நோட்டீஸ். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு உண்மை உறைத்தது: தினமும் ஏழு மணிக்கு நான் கேட்டது வெறும் தண்ணீர்ச் சத்தம். வாசலில் உன் அண்ணன் வந்தவர்களிடமெல்லாம், "அந்த மாத்திரைய தின்னு தின்னுதாங்க மூள கலங்கிப் போச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நல்லதுக்குத்தான் பத்தியத்துக்குக் கூட்டிப்போனார் என்கிறார்கள். இருக்கட்டும். நல்லதுக்குச் செய்தவர் எதற்குப் பொய் சொல்ல வேண்டும்?

அந்தப் பொய் தெருக்கோடி வரை போனது. இட்லிக் கடை செல்வி அக்கா, நம்மைப் போலவே நோய் உள்ளவர், மாதம் ஒரு ஊசியில் ஆறு வருஷம் ஒழுங்காகக் கடை நடத்தியவர், பயந்து ஊசியை நிறுத்திவிட்டார். நான் போனால் கதவைச் சாத்தினார். கொஞ்ச நாளில் அடுப்பு அணைந்தது. சுவரோடு பேச ஆரம்பித்துவிட்டார். இன்னொரு சாவைப் பார்க்க நான் தயாராக இல்லை.

உன் தலைத்திவசத்துக்குப் போனேன். யாரும் கூப்பிடவில்லை. பந்தியில் உட்கார்ந்தேன். உன் அண்ணன் சாம்பார் வாளியோடு வந்தார். அன்று டிராயரிலிருந்து எடுத்து வைத்திருந்த உன் அட்டைகளை இலையில் வைத்தேன்.

"இத நிறுத்துனது யாருண்ணே? எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்க."

"எவன்டா இந்தப் பைத்தியத்த உள்ள உட்டது?" என்றார்.

"ஆமாண்ணே, பைத்தியந்தான். பதினோரு வருஷமா. மாத்திர போடறதால ஒக்காந்து பேசிக்கிட்டு இருக்கேன். அவன் போடல, அதான் நீங்க திவசம் பண்றீங்க."

அவர் வாளியோடு அடுத்த இலைக்கு நகர்ந்தார். உன் அம்மாதான் சமையல்கட்டிலிருந்து வந்து, "நாந்தாம்பா கற்பூரம் ஏத்தி, மாத்திரய தொடமாட்டேன்னு அவங்கிட்ட சத்தியம் வாங்குனேன். வெளிய சொன்னா மருந்து முறிஞ்சிடும்னு வைத்தியர் சொன்னாரு. பெரியவன் சொன்னான்னு செஞ்சேன். எம் புள்ள தெனம் ஒங்கிட்ட பொய் சொல்லிட்டு அழுவான்" என்று தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஒரு வருஷமாக உன் மேலும் கோபமாக இருந்தேன். அது அங்கேயே போய்விட்டது. ஆனால் நான் ஓங்கிய அடி உன் அம்மா மேல் விழுந்துவிட்டது. அவர் காலைத் தொட்டு மன்னிப்புக் கேட்டேன். உன் அண்ணனிடம் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன்.

பந்தியின் கடைசியில், யாரோ கைப்பிடித்து உட்காரவைத்திருந்த செல்வி அக்கா, சோற்றைப் பிசைந்தபடியே கேட்டார்: "தம்பி, ஊசி எந்தக் கெழமப்பா போடறாங்க?"

இப்போது மாதா மாதம் நான்தான் அவரைக் கடலூர் கூட்டிப்போகிறேன். அடுப்பு மறுபடி எரிகிறது. அவர் வீட்டுக் கொல்லை வழியாக வாய்க்காலைத் தாண்டினால் பஸ் ஸ்டாப்புக்கு ஐந்து நிமிஷம். அந்த வழியில் போவதில்லை. வெயிலில் தெருவைச் சுற்றி, உன் அண்ணன் வாசல் வழியாகத்தான் கூட்டிப்போகிறேன். எங்களைக் கண்டதும் அவர் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்கிறார். பேப்பர் கீழே இறங்கும் வரை நான் நகர்வதில்லை.

"ஊசிக்குப் போறோம்ணே!" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் நடக்கிறேன்.