சீனியும் பாலும் சேராத பண்டம்

மேலகரம், தென்காசி
ஆடி 9, வெள்ளிக்கிழமை

அன்பு மகள் செண்பகத்துக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், இந்தச் சுகத்தை நான் போன வாரம்தான் ஆதாரத்தோடு உறுதி செய்துகொண்டேன், அது எப்படி என்று கீழே வருகிறது. அங்கே உன் சுகமும் மாப்பிள்ளை ஜெனோவின் சுகமும் முருகன் அருளால் குறைவில்லாமல் இருக்க வேண்டும். உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் உனக்குத் திக்கென்று இருந்திருக்கும். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, பயப்படாமல் உட்கார்ந்து படி. முகவரியை உன் அம்மாவின் டைரியிலிருந்து அவளுக்குத் தெரியாமல் எடுத்தேன். அயர்லாந்துக்குக் கடிதம் போய்ச் சேருமா, வழியில் யாராவது பிரிப்பார்களா என்று தபாலாபீஸில் இரண்டு தடவை கேட்டேன். அங்கிருந்த பெண் சிரித்துவிட்டு ரெஜிஸ்டர் தபாலில் போடச் சொன்னது.

இந்த வருடம் சீசன் நன்றாக இருக்கிறது. ஐந்தருவியில் நிற்க இடமில்லை, எங்கிருந்தெல்லாமோ வேன் வேனாக வந்து இறங்குகிறார்கள், நம் தெரு முனை வரைக்கும் வண்டிகளை நிறுத்திவிட்டுப் போகிறார்கள், நான் எல்லா நம்பரையும் குறித்து வைத்திருக்கிறேன். சாரல் விடாமல் தூறுகிறது, துணி காய மாட்டேன் என்கிறது. ராயகிரியில் உன் சங்கிலிப்பாண்டி மாமா வீட்டு மருமகளுக்கு மாசியில் வளைகாப்பு நடந்தது, நீ போட்டோ பார்த்திருப்பாய். எனக்குச் சந்தேகம் முதலில் விழுந்தது அங்கேதான். பந்தியில் உன் அம்மா இலையில் பாயசம் விழாமல் கையால் மறைத்தாள். உன் அம்மா, பாயசம், மறைத்தாள். மூன்றையும் சேர்த்து யோசித்துப் பார். சொந்த அண்ணன் வீட்டு விசேஷத்தில் இரண்டாம் தடவை வாங்காமல் எழுந்தவள் இல்லை அவள். என்ன என்று கேட்டேன், வயிறு சரியில்லை என்றாள். அதற்கப்புறம் மூன்று சப்பாத்தி சாப்பிட்டாள்.

ஊருக்கு வந்ததும் கவனிக்க ஆரம்பித்தேன். காலையில் எனக்குப் பால் காப்பி போட்டுத் தந்துவிட்டு, அவள் டம்ளரை அடுப்பங்கரையிலேயே வைத்துக் குடித்துவிட்டு வருகிறாள். ஒரு நாள் கழுவாத டம்ளரை எடுத்து மோந்து பார்த்தேன், கடுங்காப்பி, அடியில் சீனியின் பிசுக்குகூட இல்லை. நாற்பது வருடமாக மூன்று கரண்டி சீனி போட்டுக் குடிப்பவள். தயிரைத் தொடுவதில்லை, மோர் ஊற்றிக்கொள்வதில்லை, தெருவில் அல்வா பொட்டலம் கொண்டு வந்து தந்தார்கள், தலைவலி என்று சொல்லி என் பக்கம் தள்ளினாள். நேரே கேட்க வேண்டியதுதானே என்பாய். நேரே கேட்டால் உண்மை வராது என்பது முப்பத்திரண்டு வருட போலீஸ் சர்வீஸில் நான் கண்டது, அதில் பதினாறு வருடம் ஸ்டேஷன் ரைட்டர், எத்தனை பேர் சொன்னதை இந்தக் கையால் எழுதியிருப்பேன்.

பிறகு சித்திரையில் நீ அனுப்பிய ஓவன் வந்தது. என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. கொண்டு வந்த பையன் ஃபோனுக்கு வந்த நம்பரைச் சொல்லச் சொன்னான், நான் சொல்ல முடியாது என்று வாசலிலேயே நிறுத்திவிட்டேன், உன் அம்மா ஓடி வந்து சொல்லி வாங்கினாள். (நீயும் அப்படி யாருக்கும் ஓடிபி சொல்லாதே.) அன்றிலிருந்து ஞாயிறுதோறும் மத்தியானம் அடுப்பங்கரைக் கதவு சாத்தப்பட்டது. உள்ளே ஃபோனில் நீ, வெளியே நான். ஃப்ரூட் காப்ளர் என்கிறீர்கள் இருவரும். நான் கொல்லைப்புறத்து ஜன்னல் வழியாகப் பார்த்ததை அப்படியே எழுதுகிறேன், தவறு இருந்தால் திருத்து. அன்னாசியையும் நேந்திரம்பழத்தையும் துண்டு துண்டாக நறுக்குகிறாள், வெந்நீரில் ஊறிய பேரீச்சம்பழத்தை அரைத்து அதில் பிரட்டுகிறாள், பட்டைத்தூளும் கொஞ்சம் எலுமிச்சையும் சேர்த்துக் கண்ணாடித் தட்டின் அடியில் பரப்புகிறாள். கோதுமை மாவில் உப்பு, பேக்கிங் பவுடர், தேங்காய் எண்ணெய், கெட்டித் தேங்காய்ப்பால் எல்லாம் விட்டு இட்லி மாவைவிடக் கெட்டியாகக் கலக்கி, கரண்டியால் எடுத்துப் பழத்தின் மேல் அங்கங்கே வைக்கிறாள், முழுக்க மூடுவதில்லை. நாற்பது நிமிடம். மேலே முறுகி, சந்துகளில் பழச்சாறு கொப்புளம் விட்டுக்கொண்டு வருகிறது. சீனி இல்லை, பால் இல்லை, வெண்ணெய் இல்லை, நெய் இல்லை. இனிப்புப் பண்டத்தில் இத்தனை இல்லை எதற்கு என்பதுதான் என் கேள்வி. முதல் தடவை அடி கருகியதைக் குப்பைக் கூடையில் போட்டாள், நான் ஒரு துண்டை மாதிரிக்கு எடுத்துத் தின்று பார்த்தேன். கருகல் போக மோசமில்லை.

முதலில் நீயும் மாப்பிள்ளையும் ஊருக்கு வரப்போகிறீர்கள், உங்கள் ஊர்ப் பண்டத்தை உன் அம்மா செய்து பழகுகிறாள், எனக்கு மட்டும் கடைசி நாளில் சொல்வார்கள் என்றுதான் நினைத்தேன். உண்மையைச் சொன்னால் அப்படி நினைத்துக்கொண்டு மாடி அறையின் ஃபேனைக்கூட துடைத்து வைத்தேன். ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜன்னலுக்கு வெளியே நிற்கும்போது உன் குரல் தெளிவாகக் கேட்டது, உனக்கு சுகர் இருக்குல்லம்மா, பேரீச்சம்பழம் நாலுக்கு மேல போடாத, டாக்டர் பாலையும் நிறுத்தச் சொன்னாருன்னு சொன்னியே, அடுத்த செக்கப் எப்போ என்று கேட்டாய். பெண்டாட்டிக்கு வியாதி, கடல் தாண்டி இருக்கும் மகளுக்குத் தெரியும், ஒரே கூரைக்கடியில் இருக்கும் எனக்குத் தெரியாது. அவள் கோவிலுக்குப் போன நேரத்தில் பீரோ, அரிசிப் பானை, அவள் கைப்பை, தலையணை உறை எல்லாம் பார்த்தேன். ஒரு மாத்திரை இல்லை, ஒரு சீட்டு இல்லை. இவ்வளவு சுத்தமாக மறைப்பதென்றால் பெரிய வியாதியாகத்தான் இருக்கும் என்று தோன்றி, நான்கு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

காலையில் என்னோடு நடக்க வரும் அப்துல் ஜப்பார் மார்க்கெட் பக்கம் ரத்தப் பரிசோதனைக் கூடம் வைத்திருக்கிறார். அவரோடு பேசி வைத்துக்கொண்டு, பென்ஷன்காரர் குடும்பங்களுக்கு இலவச முகாம் என்று உன் அம்மாவிடம் புளுகி, வெறும் வயிற்றில் கூட்டிக்கொண்டு போனேன். சீனி தொண்ணூற்றிரண்டு. மற்ற எல்லாமே அளவுக்குள். நம்பாமல் மறுபடி எடுக்கச் சொன்னேன், தொண்ணூற்று நான்கு. ஜப்பார் என்னைத் தனியே கூப்பிட்டு, அவளுக்கு ஒன்றும் இல்லை, நான்தான் மெலிந்து போயிருக்கிறேன் என்று சொல்லி என் ரத்தத்தையும் எடுத்துக்கொண்டார். ஆக, செண்பகம், உன் அம்மாவுக்கு சுகர் இல்லை. உன்னிடமும் பொய் சொல்லியிருக்கிறாள். இதைத் தெரிவிப்பது இந்தக் கடிதத்தின் முதல் காரியம், நீ அங்கே கவலைப்பட்டுக்கொண்டு இருக்காதே.

அப்படியானால் ஏன். செவ்வாய்க்கிழமைதோறும் வங்கிக்கு என்று சொல்லிவிட்டு அவள் ஆய்க்குடி பஸ்ஸில் ஏறுவதைக் கண்டுபிடித்தேன். இந்தச் செவ்வாய் ஹெல்மெட் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் பின்னாலேயே பைக்கில் போனேன். அறுபத்திரண்டு வயதில் பெண்டாட்டியைப் பின்தொடர்ந்து போனவன் உன் அப்பன், சிரித்துக்கொள். முருகன் கோவிலுக்குள் போனாள், ஒரு மணி நேரம் கழித்து வந்தாள், பஸ் ஏறிப் போய்விட்டாள். நான் வாசலில் பூக்கட்டும் பெண்ணிடம் போய், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, இப்போது பச்சைச் சேலை கட்டிக்கொண்டு போனவர்கள் அடிக்கடி வருவார்களா, எதற்கு வருகிறார்கள் என்று விசாரித்தேன். அந்தப் பெண் பூவிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னது, "அந்த அக்காவா, பாவம், போன கந்தசஷ்டியிலயிருந்து சீனியும் பாலும் தொடமாட்டேன்னு நேந்திருக்காவ. வீட்டுக்காரருக்கும் மகளுக்கும் பேச்சு இல்லியாம். அந்த ஆளு தப்புன்னு மக கிட்ட ஒத்துக்கிட்டா ஆத்துப் படியில சின்னப் பிள்ளைக குடிக்கப் படிப்பாயசம் ஊத்துதேன்னு வேண்டியிருக்காவ. போலீஸ்காரராம். ஒத்துக்கிடவா போறாரு." அதன் பிறகு நிமிர்ந்து என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஆமா, நீங்க யாரு, அவுகளப் பத்தி என்னத்துக்கு விசாரிக்கிய" என்று கேட்டது.

புருஷன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். பாதி வழியில் நிறுத்திவிட்டு ஒரு வேப்ப மரத்தடியில் நின்றேன். மூன்று வருடத்துக்கு முன்னால் வீரகேரளம்புதூரில் ஜெனோவின் தெருவிலும் இதே மாதிரிதான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். மப்டியில்தான் போனேன், ஆனால் என் முடிவெட்டையும் ஷூவையும் பார்த்தால் யாருக்குத் தெரியாது. பலசரக்குக் கடை, டீக்கடை, பக்கத்து வீடு, எதிர் வீடு, பையன் எப்படி, கேஸ் ஏதும் உண்டா, குடிப்பானா, வேறு பெண் சகவாசம் உண்டா. பாஸ்போர்ட்டுக்கு விசாரிப்பதுபோல் விசாரித்தேன். ஜெனோவின் வீட்டுக் கதவை மட்டும் தட்டவில்லை. உங்கள் மகன் என்ன குற்றம் செய்தான், போலீஸ் வந்துவிட்டுப் போகிறதே என்று எல்லாரும் கேட்கப்போய், கிறிஸ்டி சம்பந்தியம்மா ஒரு மாதம் மாதா கோவிலுக்குக்கூடப் போகாமல் வீட்டுக்குள்ளேயே இருந்தார்கள் என்று நீ சொல்லி அழுதாய். எந்தத் தகப்பனும் செய்வதைத்தான் செய்தேன் என்றேன். நீ அப்போது, "நீங்க எனக்கு அப்பாவா, இல்ல ஸ்டேஷனா" என்று கேட்டாய். கல்யாணத்துக்கு வந்தேன், பந்தோபஸ்துக்கு வந்தவனைப்போல ஓரமாக நின்றுவிட்டுத் திரும்பினேன். அதிலிருந்து நான் ஃபோனை எடுத்தால் அம்மாவிடம் கொடுங்கள் என்பதைத் தவிர நீ ஒன்றும் சொன்னதில்லை.

உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. முதல் வீட்டிலேயே பையன் தங்கம் என்று சொல்லிவிட்டார்கள். இரண்டாம் வீட்டிலும் அதையேதான் சொன்னார்கள். நான் பதினொரு வீடு போனேன் செண்பகம். ஒரு குறை கிடைக்காதா என்றுதான் போனேன். ஒரு குறை கிடைத்தால் அதைக் காட்டி உன்னை நிறுத்தி வைத்துக்கொள்ளலாம், நீ அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்று நினைத்தேன். அவன் மேல் எனக்குச் சந்தேகமே இல்லை. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை, உன் அம்மாவுக்கும் தெரியாது. செய்தது தப்பு. உன்னிடம் தப்பு, ஜெனோவிடம் தப்பு, ஒரு பாவமும் அறியாத அந்தத் தாய் தகப்பனிடம் அதைவிடப் பெரிய தப்பு. மன்னித்துக்கொள்.

இதையும் நீ சந்தேகப்படலாம், என் மகள்தானே. பெண்டாட்டியின் நேர்ச்சையை முடிக்க அப்பா ஒப்புக்கு எழுதுகிறார் என்று தோன்றலாம். எனக்கே தோன்றியது, அதனால்தான் செவ்வாய்க்கிழமையே எழுதாமல் மூன்று நாள் விட்டுப் பார்த்தேன். நேர்ச்சை இல்லாவிட்டால் எழுதியிருப்பாயா என்று என்னையே கேட்டேன். எழுதியிருக்க மாட்டேன், வீம்பு விட்டிருக்காது, ஆனால் எழுதியிருப்பது உண்மை. நேற்று சாயங்காலம் வீரகேரளம்புதூர் போய் அந்த வீட்டுக் கதவைத் தட்டினேன். சம்பந்தி உட்காரச் சொன்னார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், நான் சொன்னதைக் கேட்டார்கள். கிறிஸ்டியம்மா கடைசி வரை பேசவில்லை, அது நியாயம்தான், நான் வாசல் வரை வந்தபோது மட்டும் மழை வரும் போலிருக்கிறது, சீக்கிரம் போங்கள் என்றார்கள்.

இந்தக் கடிதத்தைப் போட்டுவிட்டு வந்து உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன், பைக்கில் பின்னால் போனதையும் சேர்த்து. திட்டுவாள். அடுத்த செவ்வாய் ஆய்க்குடியில் பாயசம் வைக்கிறோம், பால், சீனி, அரிசி எல்லாம் நானே வாங்கி வருகிறேன். இனி சீனியில்லாத அந்தப் பண்டத்துக்குத் தேவை இல்லை, ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை செய்வதை அவள் நிறுத்த வேண்டாம் என்று சொல்லப்போகிறேன், அந்த நாற்பது நிமிடமும் அவள் உன்னோடு சிரித்துப் பேசுவது ஜன்னலுக்கு வெளியே நன்றாகக் கேட்கும். ஜப்பார் எடுத்த என் ரத்தத்தில் சீனி கொஞ்சம் கூடியிருக்கிறதாம், ஆகையால் பண்டம் எனக்கே ஆகும். ஓவனின் கீழ்க் கம்பி அடியைக் கருக்குகிறது, கண்ணாடித் தட்டை மேல் அடுக்கில் வைக்கச் சொல்லு, நான் சொன்னால் கேட்க மாட்டாள். குளிரில் தலையை மூடிக்கொண்டு வெளியே போங்கள், வீட்டுக் கதவை இரண்டு பூட்டாகப் பூட்டுங்கள். நீயும் ஜெனோவும் எல்லாச் செல்வமும் பெற்று நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும் என்று உங்கள் இருவரையும் ஆசீர்வதிக்கிறேன்.

ஒன்றை மட்டும் மறக்காதே. நேர்ச்சை நான் ஒத்துக்கொள்வதற்குத்தான், நீ மன்னிப்பதற்கு இல்லை, அந்தப் பூக்காரப் பெண்ணின் வார்த்தையை நான் நன்றாக நினைவில் வைத்திருக்கிறேன். நீ என்னோடு பேசினாலும் பேசாவிட்டாலும் உன் அம்மா செவ்வாய்க்கிழமை பாயசம் குடிப்பாள். அதனால் அம்மாவுக்காக என்று நீ என்னோடு பேச வேண்டாம். உனக்காகத் தோன்றினால், எத்தனை நாள் கழித்துத் தோன்றினாலும், கூப்பிடு.

இப்படிக்கு
உன் அப்பா
மு. இசக்கிதுரை