வானத்துக்கு ஒரு குண்டு

மொன்டானா, செப்டம்பர் 9

அன்புள்ள ஹார்லன் அண்ணாவுக்கு,

இங்கே நலம் என்று எழுதக் கை வரவில்லை. உன் வேட்டை பாட்காஸ்டில் பழைய புத்தகங்களைப் பற்றிப் பேசினாயே, அதில் அந்தக் கரடி வேட்டைக்காரரின் புத்தகத்தை என் வீட்டுக்காரர் டெல் வாங்கிவிட்டார். மானை வீழ்த்தியதும் குடலெடுக்கும் முன் வானத்தைப் பார்த்து ஒரு குண்டு சுட்டால் கரடி மூன்று மலை தாண்டி ஓடிவிடுமாம். இந்த முறை கரடி மேல் அடிக்கும் மிளகாய் ஸ்பிரே டப்பா வேண்டாம் என்கிறார். கேட்டால், "உங்கண்ணனே சொல்லிட்டாரு, நீ என்னத்த கண்ட?" என்கிறார். நான் சொன்னால் காதில் ஏறாது. அக்டோபரில் அவர் மலை ஏறுவதற்குள் உன் நிகழ்ச்சியில் உன் வாயால் ஒரு வார்த்தை சொல்லிவிடு.

உன் தங்கை,
லொரீன்

அலாஸ்கா முகாம், செப்டம்பர் 20

அன்புத் தங்கைக்கு,

சின்ன வயதில் மாட்டுக் கொட்டகைக்குள் கரடி இருக்கிறது என்று என்னை ராத்திரி முழுக்க எழுப்பியவள்தானே நீ! அந்தப் புத்தகம் எழுதிய காலத்தில் கரடி துப்பாக்கிக்குப் பயந்து ஓடியது. இப்போது வெடிச் சத்தம் கேட்டால் சாப்பாட்டுக்குக் கூப்பிட்ட மாதிரி வருகிறது, குடல் கிடக்கும் என்று அதற்குத் தெரியும். இது மாப்பிள்ளைக்கும் தெரிந்ததுதான், உன்னைச் சீண்டுகிறார். இந்தப் பருவத்து நிகழ்ச்சியெல்லாம் கோடையிலேயே பதிவாகிவிட்டது, இனி மாற்ற முடியாது. இந்தக் கடிதத்தை அவரிடம் காட்டு.

அண்ணன்,
ஹார்லன்

மொன்டானா, அக்டோபர் 4

அண்ணா,

உன் கடிதம் இன்றுதான் வந்தது. அவர் விடியலிலேயே போய்விட்டார். சேணப் பையில் நான் செருகிய டப்பாவை எடுத்துச் சமையல் மேசையில் வைத்துவிட்டு, "புஸ்தகம் இருக்குடி, பயப்படாத" என்று சிரித்தார்.

சற்று முன் மேலே மலையில் ஒரு வெடி கேட்டது. மான் கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. அது எதற்கு என்று உனக்கும் எனக்கும் தெரியும். அதற்குப் பிறகு சத்தமே இல்லை. நாய் கொட்டகைக்குள் போய்ப் படுத்துக்கொண்டு வர மாட்டேன் என்கிறது.

எனக்குப் பயமாக இருக்கிறது, அண்ணா. தபால்காரர் வாசலில் நிற்கிறார். போலீஸ் ஷெரீப்புக்குப் போன் போட்டால் எடுப்பாரில்லை, நேரில் போய்ச் சொல்லும்படி இவரிடம் கேட்டிருக்கிறேன். டப்பாவை எடுத்துக்கொண்டு குதிரையில் நான் மேலே போகிறேன்.

லொரீன்

அலாஸ்கா முகாம், அக்டோபர் 15

லொரீன்,

விமானம் தபால் பையைப் போட்டுவிட்டுப் பறந்த பிறகுதான் உன் கடிதத்தைப் பிரித்தேன். பனி கொட்டுகிறது, அடுத்த விமானம் இனி எப்போது இறங்குமோ. முகாமின் வயர்லெஸ் ரேடியோவில் ஊருக்குச் சொல்லி உங்கள் வீட்டுக்குப் போன் போடச் சொன்னேன். யாரும் எடுக்கவில்லையாம்.

பக்கத்துக் கூடாரத்துப் பையன்கள் அந்தப் புத்தகத்தைப் பற்றிய என் நிகழ்ச்சியைப் போனில் சேமித்து வைத்திருந்தார்கள். வாங்கிக் கேட்டேன். "இந்த புஸ்தகத்த கோட்டுப் பையில வச்சிக்கிட்டு போங்க, கரடி கிட்டயே வராது" என்று சொல்லிவிட்டு நான் விழுந்து விழுந்து சிரிக்கிறேன். விளையாட்டுக்குச் சொன்னது, லொரீன். உன்னிடம் அவர் விளையாடுகிறார் என்று நினைத்தேன். விளையாடியவன் நான்.

என் நிகழ்ச்சி வந்த அன்றே "மச்சான், அசத்திட்டீங்க" என்று மாப்பிள்ளை இந்த முகாமுக்கு ஒரு கார்டு போடுவார். ஒரு வாரமும் தவறியதில்லை. இன்றைய தபால் பையை மூன்று முறை கொட்டிப் பார்த்துவிட்டேன்.

உங்களில் யாராவது ஒருவர் எழுதுங்கள். என்னைத் திட்டி எழுதினாலும் போதும்.

ஹார்லன்